கோழிக் கிண்ணமும் கூலிக்காரன் காசும்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறு பீங்கான் கிண்ணம். வாயகலம் 8 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். வெளிப்புறத்தில் ஒரு சேவல், ஒரு பெட்டை, சில குஞ்சுகள். நம் வீட்டுக் கொல்லையில் மேய்கிற அதே கோழிகள்தாம்! 2014 ஏப்ரலில் ஹாங்காங்கில் இது ஏலத்துக்கு வந்தது. போன விலை 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல். அன்றைய மாற்று விகிதப்படி 200 கோடி ரூபாயைத் தாண்டும். வாங்கியவர் ஷாங்காய் கோடீஸ்வரர் லியூ யிச்சியன். ஒரு காலத்தில் டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். பிறகு பங்கு மார்க்கெட்டில் பெரும்பணம் குவித்தவர். கடன் அட்டையை 24 தடவை தேய்த்துப் பணத்தைக் கட்டினார். கட்டிய கையோடு அந்தக் கிண்ணத்திலேயே தேநீர் ஊற்றிக் குடித்தார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

பணக்காரன் பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போய்விடலாமா? கூடாது, தோழர்களே! பைத்தியத்துக்குக் கணக்குத் தெரியாது. இவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். அதே கிண்ணம் 1999இல் ஏலம் போனபோது விலை 3 கோடி ஹாங்காங் டாலர்கூட இல்லை. பதினைந்து ஆண்டில் ஏறக்குறைய பத்து மடங்கு! மண் அதே மண், கோழி அதே கோழி. 1465 முதல் 1487 வரை ஆண்ட செங்குவா மன்னன் காலத்துச் சரக்கு. உலகில் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில. சரக்கு பெருகப் போவதில்லை. வாங்கும் கைகளோ சீனத்தில் புதுப் பணக்காரர் தோன்றத் தோன்றப் பெருகின. விலை ஏறாமல் என்ன செய்யும்?

லாபம் மட்டும்தான் காரணமா என்றால், அதுவும் இல்லை. இங்கே ஒரு பழைய காயம் இருக்கிறது. 1860இல், அபினிச் சண்டையின் முடிவில், பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சுப் படையும் பீகிங் அருகே இருந்த யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடின. பிறகு எல்ஜின் பிரபுவின் உத்தரவால் பிரிட்டிஷார் அதைக் கொளுத்தினர். அந்த எல்ஜின்தான் 1862இல் நம் நாட்டுக்கு வைசிராயாக வந்து உட்கார்ந்தவர். அந்தப் படையில் பஞ்சாபியரும் சென்னை மாகாணத்துச் சாப்பர் பட்டாளத்தாரும் இருந்தனர். அபினியும் நம் மண்ணில் விளைந்தது. ஆளும் நம் ஆள். கொள்ளை மட்டும் துரைமாருக்கு! அரண்மனையில் அகப்பட்ட ஒரு நாய்க்குட்டியை விக்டோரியா ராணிக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'லூட்டி'. கூச்சம்கூட இல்லை பாருங்கள்.

அங்கே நீரூற்றைச் சுற்றி இருந்த 12 வெண்கல மிருகத் தலைகளும் போயின. 2000இல் எருது, புலி, குரங்கு ஆகிய மூன்றும் ஹாங்காங் ஏலத்தில் வந்தபோது, சீன அரசுக் கம்பெனி ஒன்று பணத்தைக் கொட்டி மீட்டது. தன் வீட்டில் திருடுபோன பொருளைத் தானே விலை கொடுத்து வாங்குவது! 2009இல் எலித் தலையும் முயல் தலையும் பாரிசில் ஏலத்துக்கு வந்தன. சாய் மிங்சாவ் என்ற சீனர் இரண்டையும் 3 கோடி யூரோவுக்கு மேல் கேட்டு எடுத்தார். எடுத்த பிறகு, பணம் தரமாட்டேன் என்று அறிவித்தார். ஏலச் சட்டப்படி அது தவறுதான். ஆனால் அந்தத் தவறைக் கண்டு நமக்குக் கோபம் வரவில்லை என்பதை மறைப்பானேன்? 2013இல் பிரெஞ்சு முதலாளிக் குடும்பம் ஒன்று அவற்றைச் சீனத்துக்குத் திருப்பித் தந்தது.

ரோஷம் இருக்கும் இடத்தில் வியாபாரம் புகாமல் இருக்குமா? போலிச் சரக்கு மலிந்தது. அதிகாரிக்கு ரொக்கத்துக்குப் பதில் ஓவியத்தையும் பீங்கானையும் தள்ளுவதற்கு, 'நாகரிக லஞ்சம்' என்று பொருள்படும் தனிச் சொல்லே சீன மொழியில் உண்டு. 2011இல் சீ பைஷீ வரைந்ததாகச் சொல்லப்பட்ட கழுகுப் படம் ஒன்று 42 கோடி யுவானுக்கு மேல் ஏலம் போனது. அசல்தானா என்ற சந்தேகம் கிளம்பியதும் வாங்கியவர் பணம் கட்டவில்லை. இந்த சீ பைஷீ யார் தெரியுமா? ஏழைக் குடியானவன் வீட்டுப் பிள்ளை. உளி பிடித்த தச்சுத் தொழிலாளி! 1957இல் மறைந்தார். அவருடைய மலைக்காட்சிப் படங்கள் பன்னிரண்டு 2017இல் 93 கோடி யுவானுக்குப் போயின. கிண்ணம் செய்தவனுக்கோ பெயரே இல்லை. ஜிங்தெசென் சூளைகளில் ஒரு பாத்திரம் 70 பேர் கைமாறி உருவாகிறது என்று 1712இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் எழுதி வைத்தார். மன்னனுக்கு ஆகாத பழுதுச் சரக்கை உடைத்துப் புதைத்தார்கள். அந்தச் சில்லுகளைத் தோண்டி எடுத்துத்தான் இன்று அசல் எது, போலி எது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இனி, கூலிக்காரன் காசு. 1974இல் பிரிட்டனில் விலைவாசி தலைதெறிக்க ஏறிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு அது நூற்றுக்கு 24ஐத் தொட்டது. பிரிட்டிஷ் ரயில்வே தொழிலாளரின் ஓய்வூதிய நிதியை நிர்வகித்தவர்கள் கலங்கினார்கள். பங்கு விழுகிறது, பணம் கரைகிறது, என்ன செய்வது? கலைப்பொருள் வாங்கினார்கள்! சில ஆண்டுகளில் சுமார் 4 கோடி பவுண்டு. நிதி முழுவதிலும் இது சிறு பகுதிதான் என்றாலும், வியர்வைக் காசு வியர்வைக் காசுதான். அதில் சீனப் பீங்கான்களும் இருந்தன, தாங் காலத்துக் களிமண் குதிரை ஒன்றும் இருந்தது. வாங்குவதற்கு ஆலோசனை சொன்னது யார்? ஏலக் கம்பெனி! விற்பவனே வாங்குபவனுக்கு வழிகாட்டி!

1989இல் ஹாங்காங்கில் விற்றபோது சீனச் சரக்கு நல்ல லாபம் தந்தது. அதை மறுக்கமாட்டோம். ஆனால் மற்ற எல்லா வகையும் அப்படித் தரவில்லை. குதிரை வட்டியும் தராது, வாடகையும் தராது. நமக்குப் பிறகு வரும் ஒருவன் நம்மைவிட அதிகமாகக் கொடுப்பான் என்ற ஒரே நம்பிக்கைதான் அதன் வருமானம். கோடீஸ்வரன் அந்த நம்பிக்கையில் தோற்றால் ஒரு கிண்ணம் போகும். தண்டவாளத்தில் முப்பது வருடம் உழைத்தவன் தோற்றால் அவன் அடுப்பு அணையும். ஆகவே ஓய்வூதிய நிதிக்கு ஏல மண்டபத்தில் வேலை இல்லை என்பதே நம் கட்சி. நிதியின் நிர்வாகிகளும் பின்னர் வாங்குவதை நிறுத்தி, படிப்படியாக விற்று வெளியேறினார்கள். அந்தக் களிமண் குதிரையும் 1989 டிசம்பரில் லண்டனில் ஏலம் போனது. அதற்குப் பணம் கொடுத்த ரயில் தொழிலாளரில் எத்தனை பேர் ஒரு தடவையேனும் அதை நேரில் பார்த்திருப்பார்கள்?