வாசலில் கழற்றும் ஜோடு

ஆண்பிள்ளைகளுக்கென்று பூட்ஸ் சாஸ்திரம் ஒன்று இருக்கிறது. வகுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள், மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்கள் நம்மவர்கள். பட்டணத்தில் காரியமாகப் போனால் கறுப்பு ஜோடுதான். பழுப்பு நிறம் கிராமாந்தரத்துக்கு. மாலை ஆறு மணிக்குமேல் பழுப்பைத் தொடவே கூடாது. இப்படி விதிகள் பல. லண்டன் குளிருக்கு அவை பொருந்தலாம். அவற்றை நம் ஊர்க் கால்களில் மாட்டிவிடுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

அந்தச் சாஸ்திரத்தில் இல்லாத விதி ஒன்று, இங்கே எல்லாவற்றுக்கும் முதல் விதி. போகிற இடத்தில் ஜோட்டைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா? கோயில், மணமேடை, துக்க வீடு, சிநேகிதர் வீடு என்று நாம் ஒரே நாளில் எத்தனை வாசல்களில் கழற்றுகிறோம்!

'ஆக்ஸ்போர்டு' என்கிற ஜோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு கோக்கும் இரண்டு மடல்களையும் முன்தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருப்பார்கள். அதனால் வாய் அகலத் திறக்காது. பார்வைக்கு லட்சணமான ஜோடுதான், சந்தேகமில்லை. ஆனால் அதை மாட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போகிறவர், அட்சதை போட மேடை ஏறுமுன் படியருகே ஒற்றைக் காலில் நின்று முடிச்சோடு மல்லுக்கட்டுகிறார். பின்னால் வரிசை காத்திருக்கிறது. முடிச்சு அவிழ்வதற்குள் கெட்டிமேளமே கொட்டிவிடுகிறது!

கல்யாணத்துக்குக் கயிறில்லாத 'லோபர்' போதும். நார்வே நாட்டு மாதிரியைப் பின்பற்றி 1930-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வகை இது. நுழைத்தால் நுழையும், உதறினால் கழலும். கூடவே ஓட்டையில்லாத காலுறை வேண்டும். ஜோட்டைப் பார்ப்பவர்களைவிட, கழற்றிய பின் காலுறையைப் பார்ப்பவர்களே நம் ஊரில் அதிகம். துக்கம் விசாரிக்கப் போகிறவருக்கோ சாதாரணச் செருப்பே மரியாதை. அங்கே எதற்குப் பளபளப்பு?

வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை 2014 ஜூலையில் சென்னைக் கிளப் ஒன்றில் உள்ளே விடவில்லை. அதே ஆண்டில் தமிழக அரசு சட்டம் போட்டு அந்தக் கதவைத் திறந்தது. நல்ல காரியம். திறந்த கதவுக்குள் வேட்டிக்கு அடியில் கறுப்பு பூட்ஸோடு நுழைகிறவர்களை என்ன சொல்ல? வேட்டிக்கு வாய்த்த துணை தோல் செருப்பு. அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

இதெல்லாம் வசதியுள்ளவர்கள் கதை. முதல் உத்தியோகத்துக்கு இன்டர்வியூ போகிற பையன்தான் இந்தச் சாஸ்திரத்தில் உண்மையாகவே அடிபடுகிறவன். வேளைக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று நாலு ஜோடி வாங்கச் சொல்லி அவனைப் பயமுறுத்துகிறார்கள். தம்பி, ஒன்று போதும். கறுப்பு 'டெர்பி' வாங்கு. அதில் மடல்கள் மேலே தைக்கப்பட்டு அகலத் திறக்கும். வெறுங்காலோடு ஓடி வளர்ந்து விரிந்த பாதத்தை அது நெருக்காது. சாயங்காலம் போய் வாங்கு. பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு தெரியும். ரப்பர் அடி இருந்தால் ஐப்பசி மழையிலும் உழைக்கும். அந்நியப் பெயரைக் கண்டு மயங்காதே. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நம் தொழிலாளர்கள் தைக்கும் ஜோடுகள் கப்பலேறி வெளிநாட்டுக் கால்களுக்குப் போகின்றன.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிரே நிற்கும் பையன் மாட்டியிருப்பது அண்ணனுடைய ஜோடாக இருக்கலாம்; அப்பா கடன் வாங்கிக் கொடுத்ததாக இருக்கலாம். துடைத்துப் பாலிஷ் போட்டிருக்கிறானா என்று பாருங்கள்; அது அவன் கையில் இருக்கிறது. என்ன விலை, என்ன ரகம் என்று பார்க்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால் அதை அவன் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தானே உள்ளே வருவான்? ஆபீஸிலும் அப்படி வந்ததாகவே நினைத்துக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேளுங்கள்.