டிங் தவறினார், சரி. தவற வைத்தது யார்?

2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்க சாம்பியன் ஆனபோது, பாலக்காட்டிலும் மூணாற்றிலும் நம்மவர் வீடுகளில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. கூடவே ஒரு பேச்சும் கிளம்பியது: "சீனாக்காரர் தப்பாக ஆடினார், இவருக்கு அதிர்ஷ்டம்." பிள்ளைகள் எதிரில் இப்படிப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. அந்த 14ஆவது ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

இருவரும் ஆறரைப் புள்ளிகளில் சமம். டிரா ஆனால் மறுநாள் விரைவு ஆட்டங்கள். கறுப்புக் காய் ஆடிய குகேஷிடம் கடைசியில் இரண்டு சிப்பாய்கள். டிங் லிரனிடம் ஒன்று. தவிர ஆளுக்கொரு யானை, ஒரு பிஷப். (மலையாளத்தில் பிஷப்தான் 'ஆன', நம் யானை அங்கே 'தேர்'. பிள்ளைகள் குழம்ப வேண்டாம்.)

நிலை டிராதான். வேறொருவர் கைகொடுத்து எழுந்திருப்பார். குகேஷ் எழவில்லை. ஒவ்வொரு நகர்விலும் எதிராளி யோசித்தே தீரவேண்டும் என்று காய்களை நகர்த்திக்கொண்டே இருந்தார். டிங்கின் கடிகாரத்தில் நேரம் கரைந்தது.

55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானைகளை வெட்டிக்கொண்டால் தொல்லை விட்டது என்ற எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை, அவருடைய பிஷப் நின்ற இடத்தில்தான் பிழை. அது ஏ8 மூலையில் இருந்தது. யானைகள் போனதும் குகேஷ் தம் பிஷப்பை ராஜாவின் காவலில் டி5இல் வைத்தார். மூலையில் நிற்பதற்கு ஒரே சாய்கோடு, அதையும் அடைத்தாயிற்று. பிஷப்புகளும் வெட்டுப்பட்டன. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும். அங்கே ஒரு சிப்பாய் கூடுதல் என்பதே போதுமானதாயிற்று. 58ஆவது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ரயில்வேயில் தண்டவாளம் முறிந்தால் கடைசியாக ஓடிய வண்டியை மட்டும் பார்க்கமாட்டோம். அதற்கு முன் எத்தனை வண்டி, எவ்வளவு பாரம் என்றும் கேட்போம். 55ஆவது நகர்வை மட்டும் பார்ப்பவர்கள் அதைக் கேட்பதில்லை.

முன்னாள் சாம்பியன் கிராம்னிக்கும் இந்த ஆட்டத்தைப் பழித்தார். அவரே 2006இல், சாம்பியனாக இருந்தபோது, ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் கணினிக்கு எதிராக, அடுத்த நகர்வில் மாட் வருவதைக் காணாமல் விட்டவர்! குகேஷ் பிறந்த வருஷம் அது.

இந்த விடுமுறையில் பிள்ளைகளைக் கணினியின் மதிப்பெண் பார்க்காமல் இந்த நிலையைப் பலகையில் அடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை பிஷப்பை மட்டும் மூலையிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் ஓட வழியுள்ள கட்டம் ஒன்றில் வைத்து, யானைகளை வெட்டிப் பார்க்கட்டும்.