முதல் குண்டு காகிதத்துக்கே!

மான் வேட்டைக்கு என்று புது ரைபிள் வாங்கியவருக்குக் கை சும்மா இராது. எப்போது காட்டுக்குப் போகலாம் என்று துடிக்கும். ஆனால் அந்த ரைபிளின் முதல் குண்டு மானுக்கு உரியது அல்ல. துப்பாக்கி சுடும் மைதானத்தில் ஒட்டி வைத்திருக்கும் காகிதக் குறிக்கு உரியது.

சோதித்துப் பார்க்காத ரைபிளோடு காட்டுக்குள் நுழைகிறவர் மானுக்குக் கொடுமை செய்கிறார். மனிதர் உயிரோடும் விளையாடுகிறார். இதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டால் போதாது. சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும்.

அமெரிக்காவில் ஏன் வேட்டை?

இந்தியாவில் மானை வேட்டையாடுவது குற்றம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அமெரிக்காவின் கதை வேறு.

அங்கே 1900-ம் ஆண்டு வாக்கில், வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சி இருந்தன. கண்மண் தெரியாமல் சுட்டுத் தள்ளியதன் பலன் அது. பிறகு கட்டுப்பாடு வந்தது. மான்கள் பெருகின. இன்று சுமார் 3 கோடி மான்கள் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

மானை அடித்துத் தின்னும் ஓநாய்கள் பல மாநிலங்களில் இல்லாமல் போய்விட்டன. மான் கூட்டம் சோளக் கொல்லையில் புகுந்து மேய்கிறது. காட்டில் முளைக்கும் இளங்கன்றுகளைக் கடித்து விடுகிறது. சாலையில் குறுக்கே பாய்ந்து கார்களில் மோதுகிறது. மானும் சாகிறது, சில நேரம் காரில் இருப்பவரும் சாகிறார்.

ஆகவே அரசாங்கமே லைசென்சு கொடுத்து, குறிப்பிட்ட நாட்களில் வேட்டையாட விடுகிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் அது ஒரு திருவிழா மாதிரி. நவம்பர் மாதம் 'நன்றி கூறும் நாள்' என்ற பண்டிகை வரும். அதற்கு அடுத்த திங்கட்கிழமை ரைபிள் வேட்டை தொடங்குவது நெடுநாள் வழக்கம். அன்று பல பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை! 2019-ம் ஆண்டு முதல், தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்.

லட்சக்கணக்கானவர்கள் ரைபிளும் கையுமாகக் காட்டுக்குள் போகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ரைபிளைச் சோதித்துப் பார்த்தவர்கள்? அதுதான் கேள்வி.

மைதானத்தில் நடப்பது என்ன?

மைதானத்துக்கு வருகிறவர் முதலில் காதை மூடிக்கொள்கிறார். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். ரைபிள் வெடிக்கும் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபல் சத்தமே காதைக் கெடுத்துவிடும்.

அடுத்து, குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். துடைத்த துணியில் ஒரு துண்டு உள்ளே சிக்கி இருந்தாலும் ஆபத்து. குழலே வெடித்துவிடலாம். குழலில் பொறித்த அளவும், தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட அளவும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்க்கிறார்.

மேஜைமேல் மணல் பை. அதன்மேல் ரைபிள். 25 கஜ தூரத்தில் காகிதக் குறி. நிதானமாக 3 குண்டுகள் சுடுகிறார்.

மூன்றும் நடுப்புள்ளியில் படாமல் போகலாம். பரவாயில்லை. மூன்றும் ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் பட்டிருந்தால் ரைபிள் நல்ல ரைபிள்தான். அதன்மேல் பொருத்தியுள்ள டெலஸ்கோப்தான் சற்று விலகி இருக்கிறது. மூன்றும் மூன்று பக்கம் சிதறினால்? டெலஸ்கோப்பின் திருகாணி தளர்ந்திருக்கலாம். அந்த வகைத் தோட்டா அந்த ரைபிளுக்கு ஒத்து வராமல் இருக்கலாம். சுடுகிறவரே சத்தத்துக்குப் பயந்து தோளை உதறி இருக்கலாம்.

டெலஸ்கோப்பைத் திருத்த இரண்டு குமிழ்கள் உண்டு. ஒன்று மேல், கீழ். மற்றது இடம், வலம். திருகினால் 'டிக்' என்று சத்தம் வரும். பெரும்பாலான டெலஸ்கோப்புகளில், ஒரு 'டிக்' 100 கஜ தூரத்தில் குறியைக் கால் அங்குலம் நகர்த்தும். அதாவது 4 'டிக்' ஓர் அங்குலம். 25 கஜத்தில் அதே ஓர் அங்குலத்துக்கு 16 'டிக்' திருக வேண்டும். இது தெரியாமல் திருகுகிறவர் ஒரு பெட்டித் தோட்டாவை வீணாக்கிவிட்டு, ரைபிளைத் திட்டுவார்!

25 கஜத்தில் சரியானதும், காகிதம் 100 கஜத்துக்குப் போகும். மறுபடி சோதனை. இடையிடையே குழலை ஆறவிட வேண்டும். குழல் சூடேறினால் குண்டு இடம் மாறிப் படலாம். காட்டில் மானை நோக்கிப் புறப்படுவது ஆறிய குழலின் முதல் குண்டு. ஆகவே அந்த முதல் குண்டு எங்கே படுகிறது என்பதுதான் முக்கியம். பதறாத காரியம் சிதறாது.

குண்டு வளைந்து போகும்!

குண்டு நேர்கோட்டில் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. எவ்வளவு வேகமாகப் போனாலும், பூமி அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது.

மான் வேட்டையில் பேர் பெற்றது '308 வின்செஸ்டர்' தோட்டா. 1952-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் குண்டு விநாடிக்குச் சுமார் 2,800 அடி வேகத்தில் புறப்படும். 100 கஜத்துக்குச் சரியாகத் திருத்திய ரைபிளில், அது 200 கஜத்தில் சுமார் 3 அல்லது 4 அங்குலம் கீழே இறங்கிவிடும். 300 கஜத்திலோ ஓர் அடிக்கு மேல் இறங்கிவிடும்.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம். ஒரு சிற்றுண்டித் தட்டு அளவு. குண்டு அங்கே பட்டால் மான் சீக்கிரம் உயிர் விடும். ஓர் அடி கீழே பட்டால் கால் முறியும். வயிற்றில் பட்டால், குடல் கிழிந்தபடி மைல் கணக்கில் ஓடும். எங்கேயோ ஒரு புதரில் கிடந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். இறைச்சியும் யாருக்கும் உதவாது. வாயில்லாப் பிராணிக்கு ஏன் இந்தச் சித்திரவதை? கொல்வதற்கு அனுமதி உண்டு. வதைப்பதற்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

தவறிய குண்டு அதோடு நிற்பதும் இல்லை. ரைபிள் குண்டு சுமார் 3 மைல் தூரம் வரை போகக்கூடும். மானுக்கு அப்பால் வீடு இருக்கலாம், ஆள் இருக்கலாம். பென்சில்வேனியாவில் ரைபிள் வேட்டைக்குப் போகிறவர்கள் தலையிலும் மார்பிலும் முதுகிலும் 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்பது சட்டம். ஆளை மான் என்று எண்ணிச் சுட்டுவிடக் கூடாதே என்ற அச்சம்தான் காரணம்.

நார்வே காட்டிய வழி

நார்வே நாட்டில் இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மான் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட விரும்புகிறவர் ஒவ்வோர் ஆண்டும் குறி பார்த்துச் சுடும் தேர்வில் தேற வேண்டும். முதலில் 30 பயிற்சிக் குண்டுகள். பிறகு 100 மீட்டர் தூரத்தில் மான் உருவப் படம். 5 குண்டுகள் சுட வேண்டும். ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் பட வேண்டும். படாவிட்டால் தேர்ச்சி இல்லை. அடிபட்ட மானை மோப்பம் பிடித்துத் தேட, பழக்கிய நாய்க்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் வேட்டைக்காரருக்குப் பாடம் உண்டு. 1949-ம் ஆண்டு நியூயார்க் மாநிலம் இளைஞர்களுக்கு அதைக் கட்டாயம் ஆக்கியது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. ஆனால் ஒரு முறை பாடம் படித்தால், பெரும்பாலும் ஆயுளுக்கும் போதும். ரைபிள் மாறினாலும், கண் மங்கினாலும், ஆண்டுதோறும் தேர்வு என்பது பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. கார் ஓட்டத் தெரியுமா என்று ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். ரைபிளுக்கு மட்டும் வாய்ப்பாடு ஒப்பித்தால் போதுமா?

ஆட்சேபம் சொல்கிறவர்கள்

"தொழிற்சாலையிலேயே சோதித்துத்தானே அனுப்புகிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். தொழிற்சாலை சோதிப்பது இரும்பை. டெலஸ்கோப்பைப் பொருத்துகிறவர் வேறு, தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறவர் வேறு, சுடுகிறவர் வேறு. இவை எல்லாம் ஒன்று சேரும் இடம் மைதானம்தான்.

"பல ஆண்டு அனுபவம் உண்டு. சோதனை எதற்கு?" என்கிறார்கள் சிலர். அவர்களுக்கு ஓர் எளிய பரீட்சை இருக்கிறது. வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை அவர்களுக்குத் தெரியாமல் கலந்து வைப்பார்கள். விசையை அழுத்தும்போது வெடி வராது. ஆனால் ரைபிள் துள்ளும்! வெடிக்கும் முன்பே தோள் உதறுகிறது என்பது அப்போது வெளிப்பட்டுவிடும்.

தோட்டா மாறினாலும் சோதனை வேண்டும். கலிபோர்னியாவில் 2019-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல், வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்று தடை வந்துவிட்டது. காண்டார் கழுகுகள் ஈயத்தால் சாகின்றன என்பது அதற்கு ஒரு காரணம். ஈயத்தை விட்டுச் செம்புக் குண்டுக்கு மாறினால், அதே ரைபிளில் குண்டு வேறு இடத்தில் படலாம். அனுபவசாலியும் மறுபடி காகிதத்தைத்தான் சுட வேண்டும்.

"ஏழை வேட்டைக்காரருக்குச் செலவு அல்லவா?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. 1937-ம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வாங்குகிறார்கள். அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. துப்பாக்கி சுடும் மைதானம் அமைக்கவும் உதவுகிறது. அந்தப் பணத்தில் ஊருக்கு ஊர் மைதானம் திறக்கட்டும். தேர்வையும் இலவசமாக நடத்தட்டும்.

ஒரு நாள் மைதானம். ஒரு பெட்டி, இரண்டு பெட்டித் தோட்டா. இதற்கு மேல் செலவு இல்லை. இதற்கும் மனம் இல்லாதவர் வேட்டைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதே மேல். வில்லை விட்ட அம்பாவது கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடும். ரைபிள் குண்டு 3 மைல் போகும்!