புழுக்கத்துக்கு ஒரு வரவு செலவு!

சித்திரை பிறந்து பத்து நாள் ஆனால் போதும், வானிலை அறிக்கையில் ஒரு வார்த்தை டாணென்று ஆஜராகிவிடும். 'அசௌகரியம்!' கடலோர மாவட்டங்களில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்துகொள்வதால் ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாமாம். சட்டை முதுகோடு ஒட்டிப்போய், ஃபேன் வெந்நீர் ஆவி மாதிரி காற்றை அனுப்ப, ராத்திரி ரெண்டு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடும் சென்னைக்காரரின் அவஸ்தைக்கு எவ்வளவு நாசூக்கான பெயர் பாருங்கள்! சம்பந்தி சண்டையைக்கூட நாம் இத்தனை மரியாதையாகச் சொல்வதில்லை.

எங்கள் திருப்பூரில் இதைக் கேட்கிற காதே வேறு. "மெட்ராஸ்ல புழுக்கமாமுங்க" என்று டீக்கடையில் ஒருவர் ஆரம்பித்தால், "அப்ப கை வெச்ச பனியன் நல்லா ஓடுமுங்க" என்பார் பக்கத்திலிருப்பவர். ஊருக்கு வேர்த்தால் எங்களுக்கு வியாபாரம். காரணம், பருத்திக்குத் தண்ணீர் மேல் இருக்கிற ஆசை. ஈரமே இல்லாத நூறு கிலோ பருத்திக்குச் சுமார் எட்டரை கிலோ தண்ணீரைச் சேர்த்துத்தான் நூல் வியாபாரத்தில் எடைக் கணக்கே போடுகிறார்கள். பாலியெஸ்டருக்கு அந்தக் கணக்கு அரைக் கிலோகூட இல்லை. பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், காற்றிலுள்ள ஈரத்துக்கும் பில் உண்டு!

இருக்கட்டும். வெயில் யாருக்கு அதிகம், அவர்களுக்கா நமக்கா? இந்த வழக்கு ஒவ்வொரு கத்திரிக்கும் நடக்கிறது. திருப்பூரில் 39 டிகிரி, சென்னையில் 35 என்று டி.வி.யில் சொன்னால், "நாலு டிகிரி கம்மியா வெச்சுக்கிட்டு என்னமா அலட்டறாங்க!" என்று நம்மவர்கள் நக்கலடிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். நம் 39-இல் காற்றின் ஈரப்பதம் 25 சதவிகிதம், அவர்களுடைய 35-இல் 70 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க வானிலைத் துறையின் வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்தால், நம் உடம்புக்குத் தெரிவது அதே 39, 40. சென்னைக்காரர் உடம்புக்குத் தெரிவது ஏறக்குறைய 50! வழக்கு தள்ளுபடி.

இதன் சூட்சுமம் வியர்வையில் இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பிக் கிடப்பதால் நம் வியர்வைக்கு அங்கே இடமில்லை. செலவு ஆன மாதிரியும் இருக்கும், வரவு ஒன்றும் இருக்காது.

சென்னைக்கு ஒரே ஆறுதல், மதியவாக்கில் வருகிற கடற்காற்று. மேற்குக் காற்று பலமாக வீசி அதை மறித்துவிட்டால் தொலைந்தது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. நமக்கோ மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தாண்டினால்தான் கடல். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு வாசல் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாக நுழைந்துவிட்டால் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிடும். நமக்கும் மூச்சு வரும்.

ஆக, திருப்பூருக்குப் புழுக்கமே கிடையாது என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். கடல் நம்மைத் தேடி வராவிட்டால் என்ன, நாமே தயார் பண்ணிக்கொள்கிறோம்! எந்த பனியன் கம்பெனியிலும் அயர்னிங் செக்‌ஷனுக்குள் மே மாத மத்தியானத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். மேலே தகரக் கூரை, ஓரத்தில் பாய்லர், மேஜைக்கு மேஜை புஸ் புஸ்ஸென்று நீராவி. வெளியே திருப்பூர் வெயில், உள்ளே சென்னைப் புழுக்கம். இரண்டு ஊர் சீதோஷ்ணமும் ஒரே டிக்கெட்டில். ஷிப்மென்ட் நேரமென்றால் ஒன்றரை ஷிப்டு, அதாவது பன்னிரண்டு மணி நேரம். "ஏனுங்க மாஸ்டர், ரொம்ப வேக்காடா இருக்குதே" என்று ஒருவரிடம் கேட்டேன். "பீஸ் ரேட்டுங்க. உக்கார்ந்தா எங்காசு போகுமுங்க" என்றார், கையை நிறுத்தாமலே. வெயிலுக்காக அவருக்கு யாரும் கூலி பிடிப்பதில்லை. வெயிலுக்குப் பயந்து உட்கார்ந்தால் அவரே தன் கூலியைப் பிடித்துக்கொள்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஈரப்பதத்தை அளப்பதில் ஜவுளிக்காரர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. காற்று காய்ந்துபோனால் நூல் அறுந்துவிடும் என்று ஸ்பின்னிங் மில்லில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு வேளாவேளைக்குப் பார்ப்பார்கள். அதே ஈரத்துணி தெர்மாமீட்டர் 35 டிகிரி காட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதன்கூட ஆறு மணி நேரம் போல்தான் தாங்குவான் என்று 2010-இல் ஷெர்வுட், ஹ்யூபர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதியதிலிருந்து ஒரு கணக்கு சொல்கிறார்கள். வேலை செய்கிறவனுக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன. நூலுக்கு அளக்கிற தெர்மாமீட்டரை ஆளுக்கும் ஒரு தடவை பார்த்தால் குறைந்தா போய்விடும்?

சட்டமும் விவகாரமானதுதான். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில், 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தரவேண்டும் என்று போட்டிருந்தார்கள். 249 பேர் இருந்தால் அவர்களுக்குத் தாகமே எடுக்காது போலிருக்கிறது! 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதுத் தொகுப்பு வந்துவிட்டது. வெயில் மட்டும் அதே பழைய வெயில்.

வானிலைத் துறைக்கும் ஒரு கணக்கு உண்டு. இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடி, சமவெளியில் 40, கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை. அது வெளியே நிழலில் வைத்த தெர்மாமீட்டருக்குப் பொருந்தும். பாய்லர் பக்கத்தில் நிற்பவருக்கு வருஷம் முந்நூறு நாளும் அலைதான், எந்த அறிக்கையிலும் அவர் வரமாட்டார்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல காரியம். ஆனாலும் இந்தப் பக்கம் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரில் மாட்ட ஈரப்பதமும் சூடும் காட்டுகிற கருவி, சில நூறு ரூபாய். பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன், சில ஆயிரம். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷ ஓய்வு, அதற்குக் கூலி பிடிக்காமல். கூடவே உப்புப் போட்ட மோர். எல்லாவற்றையும் கூட்டினாலும், ஷிப்மென்ட் தவறி ஏர் கார்கோவில் அனுப்பும் செலவில் ஒரு மூலைக்குக் காணாது.

முதலாளிமார்களே, தமிழ்நாட்டு வேர்வையை எல்லாம் உறிஞ்சுகிற பனியன் நம்முடையது. அதைத் தேய்த்துக் கொடுக்கிறவரின் வேர்வை காய ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கத்திரி முடிய இன்னும் நாள் இருக்கிறது!