ஜெயிச்சவனுக்கு வாசல் எங்கே?

கால்பந்து லீக்கில் ஒரு விதி உண்டு, தோழர்களே. கீழ்ப் பிரிவில் முதலில் வந்த அணி அடுத்த ஆண்டு மேல் பிரிவில் ஆடும். மேலே கடைசியாக வந்தது கீழே இறங்கும். பிறப்பால் யாருக்கும் இடமில்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வுக்கு நேர் எதிரான விதி இது.

நம்ம நாட்டில் இதையும் விட்டுவைக்கவில்லை. 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்.லில் அப்போது இடம் என்பது பணம் கட்டி வாங்குவதாக இருந்தது. கடைசியாக வந்தாலும் இறக்கம் இருக்கவில்லை. கோவையில் ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19இல் ஐ-லீக்கை வென்றது. ஜெயிச்சு என்ன? மேலே போக வாசல் இல்லை. 2019இல் ஐ-லீக்கையே இரண்டாம் நிலைக்குத் தள்ளினார்கள். 2022-23இல் வென்ற பஞ்சாப் அணிக்குத்தான் கதவு திறந்தது. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை.

கதவு என்றால் என்னவென்று திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 30இல், அதுவும் போலீஸ் காவலோடு. வியாசர்பாடிப் பையன் டவுன் பஸ் ஏறினால் சென்னை லீக் ஆடலாம். நம்ம காலனிப் பையனுக்குச் சென்னை சுமார் 190 கிலோமீட்டர். அவனுக்கு முதல் படியே மாவட்ட லீக்தான். அந்த ஆட்டத்தை ஊர்த்தெரு மைதானத்தில் வைத்தால் அவன் எப்படிப் போவான்?

அணிகளைப் பதிவு செய்யும்போது மாணவத் தோழர்கள் போய்க் கேளுங்கள்: கட்டணம் எவ்வளவு, ஆட்டம் எந்த மைதானத்தில், முதலில் வரும் அணி எந்த விதிப்படி மேலே போகும்? வாய்ப்பேச்சாக விடாதீங்க, எழுத்தில் வாங்குங்க.