எஞ்சினுக்கு மாலை, பெட்டிக்கு மழை

பழைய ரயில்களைக் காப்பதாகச் சொல்லும் தன்னார்வ அருங்காட்சியகங்கள் பல, உண்மையில் காப்பது எஞ்சின்களை மட்டுமே என்பது நமது குற்றச்சாட்டு. இவ்வியக்கம் வேர்கொண்டு தழைத்த மண் பிரிட்டன். வழக்கையும் அங்கேயே நடத்துவோம்.

1951-இல் வேல்ஸின் டாலிலின் ரயில்பாதையை எல்.டி.சி. ரோல்ட் முதலிய ஆர்வலர்கள் ஏற்று நடத்தத் தொடங்கினர். உலகில் தன்னார்வலர்கள் மீட்ட முதல் ரயில்பாதை அது. 1960-இல் சஸெக்ஸில் புளூபெல் பின்தொடர்ந்தது. பின்னர், பேரி துறைமுகத்தில் இருந்த உட்ஹாம் சகோதரர்களின் காயலாங்கடை இவ்வியக்கத்தின் புண்ணியத்தலம் ஆயிற்று. உடைப்பதற்கென அங்கே வந்த 297 நீராவி எஞ்சின்களுள் 213 மீட்கப்பட்டன. அவற்றுள் சில, இருபதாண்டுகளுக்கு மேல் உப்புக்காற்றில் நின்றவை.

இந்த வெற்றியே ஒரு தவறான பாடத்தையும் கற்பித்தது. முதலில் வாங்கிவிடுவோம், வெட்டவெளியில் நிற்கட்டும், பணம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்னும் பாடம். தடித்த இரும்பு அப்படிக் காத்திருக்கும், மரச்சட்டம் காத்திருக்காது. பெட்டியின் கூரைத்துணி கிழிந்தால் நீர் இறங்கும், மூட்டுகள் உளுக்கும், கதவுகள் தொங்கும். 1951 முதல் கட்டப்பட்ட எஃகுப் பெட்டிகளும் தப்புவதில்லை. தகட்டின் உட்புறம் தேங்கும் ஈரம் அவற்றை உள்ளிருந்தே அரிக்கிறது.

பணமும் ஆட்களும் எங்கே போகின்றன? ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை எஞ்சினின் கொதிகலனைக் கழற்றிச் சோதித்துச் செப்பனிட வேண்டியிருக்கிறது. நன்கொடையாளரும் எஞ்சினுக்கே தருகிறார். ஓர் எஞ்சினுக்காகத் திரளும் ஆர்வம் ஒரு நிலக்கரி வேகனுக்காகத் திரள்வதில்லை. ஆனால் 1948-இல் ரயில்வே நாட்டுடைமையானபோது அந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேகன்கள் இருந்தன. நாட்டின் அடுப்பையும் ஆலையையும் எரியவைத்தவை அவையே. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் பலகையில் அமர்ந்து வேலைக்குப் போனவர்களின் வரலாறு எஞ்சினில் இல்லை. அந்தப் பலகையில்தான் இருக்கிறது.

"நாங்கள் வாங்காவிட்டால் உடைத்திருப்பார்களே?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் வாங்கி மழையில் நிறுத்துவதும் உடைப்பதே; கால அவகாசம் மட்டுமே கூடுதல். வைட் தீவைப் பாருங்கள். பணிநீக்கப்பட்ட பழைய பெட்டிகள் சக்கரம் கழற்றப்பட்டு அங்கே குடில்களாகவும் கொட்டகைகளாகவும் பயன்பட்டன. எவரும் அவற்றை வரலாறு என்று போற்றவில்லை. எனினும், நனையாமல் இருந்தவை பிழைத்தன. அத்தகைய உடல்களை மீட்டுச் சீரமைத்த அத்தீவின் நீராவி ரயில்வே, 2014-இல் ஹேவன்ஸ்ட்ரீட்டில் கூரையுள்ள காட்சிக்கூடத்தையும் திறந்தது. வழி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆகவே நாம் கோருவது இது. கூரை இல்லாத இடத்துக்குப் புதிதாக ஒரு பெட்டியும் வரக்கூடாது. இருப்பவற்றுள் பேண இயலாதவற்றைக் கூரை உள்ளவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பெறுவார் இல்லையெனில் அளந்து, படமெடுத்து, உறுப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு, வெளிப்படையாக அறிவித்துவிட்டு உடைக்கலாம். அதில் துயரம் உண்டு, பொய் இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் மட்கும் ஒன்றைக் காட்டி 'பாதுகாத்தோம்' என்று சொல்வதில் இரண்டும் உண்டு.