ஆவாரை பூத்திருக்கையிலே...

பங்குனி வெயிலில் மேட்டாங்காடெல்லாம் காய்ந்து கிடக்கிறது. அதற்கு நடுவிலும் ஆவாரை மட்டும் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூத்து நிற்கிறது. பூ கண்ணில் பட்டதும் கேள்வியும் வந்துவிடும். இம்முறை ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். தினமும் ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார். இனி மாத்திரை வேண்டாம் என்கிறார். நிறுத்தலாமா?”

நிறுத்தக் கூடாது, சகோதரி.

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியைத்தான் அவரும் நம்பியிருப்பார். ஊரே வறண்டாலும் இந்தச் செடி பூக்கும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மருந்து உண்டு என்று தைரியம் சொல்கிற பேச்சாகத்தான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லும் பேச்சு அல்ல அது.

சித்த மருத்துவமே இந்தப் பூவை மட்டும் நம்பி நிற்கவில்லை. நீரிழிவுக்கு அவர்கள் தரும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருது என 7 சரக்குகள் சேரும். நாடி பார்த்து, உடம்பு பார்த்துத்தான் கொடுப்பார்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் கஷாயமும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கை நடுக்கம், வியர்வை, மயக்கம் அதன் அறிகுறிகள். அதனால் குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பூ பறிக்கும்போதும் கவனம் வேண்டும். பேயாவாரைக்கும் மஞ்சள் பூதான். அதன் விதை நஞ்சு. ஆவாரையின் இலைகள் சின்னதாக, நுனி மழுங்கி, ஒரு காம்பில் 8 முதல் 12 ஜோடி வரை இருக்கும். காம்பின் அடியில் காது மடல் போல ஓர் இலைச்செதில் ஒட்டியிருக்கும். காய் தட்டையாக, காகிதம் போல மெலிந்திருக்கும். பேயாவாரை இலை பெரிது, நுனி கூர்மை, 4, 5 ஜோடிதான். கசக்கினால் நாறும். களைக்கொல்லி அடித்த வரப்பிலும், வண்டிகள் ஓடும் சாலையோரத்திலும் பறிக்க வேண்டாம்.

மருந்தாக இல்லாமலும் ஆவாரை நம்மோடுதான் இருக்கிறது. வெயிலில் நடப்பவர்கள் இலையைத் தலையில் வைத்துத் துண்டு கட்டுவார்கள். பூவைக் காயவைத்துப் பாசிப்பயறோடு அரைத்துக் குளிப்பார்கள். தோல் பதனிடப் பட்டை போனது. நெல் வயலுக்குத் தழை உரமாக இலை போனது. கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் சேர்த்து வீட்டிலும் பட்டியிலும் காட்டிலும் காப்புக் கட்டுகிறார்கள்.

தண்ணீர் கேட்காத செடி இது. ஆடு மாடும் அவ்வளவாகக் கடிக்காது. வரப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று வேரோடு பிடுங்கிவிட்டு, காய்ந்த பூவைக் கடையில் பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மேட்டு வரப்பில் நாலு செடியையாவது விட்டுவையுங்கள்.